பழைய பெரிய காரும் அதன் குணங்குறிகளும்



இந்த மாதம் நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் பழைய கார்கள். அதிலும் நாலு கதவும் நீண்ட டிக்கியும் உள்ள, பின்னுக்கு மூன்று பேர் தாராளமாக இருந்து போகக்கூடிய பெரிய கார்கள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ரனிலும் எங்கள் ஆட்களின் வீட்டு வாசல்களில் இவற்றை இன்றைக்கும் காணலாம். பிள்ளைகள் புது வாகனம் வாங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் பழையதை விடமாட்டார். "இது ஓடுது தானே, பிறகு ஏன் விக்கோணும்?" என்று கேட்பார். ரொறன்ரோவில் கராஜ்களில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இந்தக் கார்களில் பல எங்கள் ஒன்ராறியோ மாகாணத்திலேயே செய்யப்பட்டவை. போர்ட் கிறவுண் விக்ரோறியாவும் மேர்க்குறி கிறாண்ட் மார்க்கீயும் லண்டனுக்குத் தெற்கே உள்ள சென்ற் தோமஸ் தொழிற்சாலையில் உருவாகின. கடைசிக் கிறவுண் விக்ரோறியா 2011 செப்ரெம்பர் 15ஆம் திகதி அங்கிருந்து வெளியே வந்தது. அத்தோடு அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. செவ்றோலே இம்பாலா பல ஆண்டுகளாக ஒஷாவாவில் செய்யப்பட்டது. கிறைஸ்லர் 300, டொட்ஜ் சார்ஜர் இரண்டும் 2023 டிசம்பர் வரை பிரம்ரனில் செய்யப்பட்டன. பொலிஸ் வாகனமாகவும் ராக்சியாகவும் ஓடுவதற்கென்று வாங்கப்பட்ட இனம் இது. இடம் தாராளமாக இருப்பதால் பொனற்றைத் திறந்தால் கை போகும். இவற்றின் வழக்கமான குறைகள் எவை என்பதும் ஊரறிந்த விடயம்.

அப்படியானால் ஏன் எங்கள் ஆட்கள் சின்னக் குறைக்குப் பெரிய காசு கொடுக்கிறார்கள்? நான் கண்ட காரணம் ஒன்றுதான். நாங்கள் கராஜுக்குப் போய் நோயின் பெயரைச் சொல்கிறோம், குணங்குறியைச் சொல்வதில்லை. வைத்தியரிடம் போனால் "எனக்கு இரவில்தான் இருமல், படுத்தால் கூடும், மூன்று நாளாக இருக்கு" என்று சொல்கிறோம். கராஜில் மட்டும் "ஸ்ராற்றர் போயிட்டுது, மாத்துங்கோ" என்கிறோம். மெக்கானிக் அதை மாற்றுவார். குறை அப்படியே இருக்கும். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, கேட்டதைத்தான் அவர் செய்தார்.

மெக்கானிக் உங்கள் காரை அரை மணித்தியாலம் பார்ப்பார். நீங்கள் அதோடு பத்து வருடம் வாழ்ந்திருக்கிறீர்கள். குறை எப்போது வருகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே காரின் முன் பெட்டிக்குள் ஒரு சின்னக் கொப்பியும் பேனையும் வையுங்கள். குறை வந்த அன்றே ஐந்து விடயங்களை எழுதுங்கள். எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடாகியிருந்ததா? எந்த வேகத்தில்? பிரேக் பிடிக்கும்போதா, திரும்பும்போதா, நேராக ஓடும்போதா? வெளியே மழையா, கடுங்குளிரா? கடைசியாக, குறை வருவதற்கு முதல்நாள் காருக்கு என்ன நடந்தது?

அந்தக் கடைசிக் கேள்வியின் பெறுமதியை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் இரவு வேலைக்குப் போகும் ஒரு ஐயா, பதின்மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் கராஜுக்கு வந்தார். அவருடைய பழைய பெரிய கார் இழுவை வாகனத்தில் வந்தது. எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. வேறோர் இடத்தில் பெற்றோல் பம்ப் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருந்தார்கள். முதலாளிக்குத் தமிழ் தெரியாது, ஐயாவுக்கு ஆங்கிலம் குறைவு, பிள்ளைதான் மொழிபெயர்ப்பு. நான் பிள்ளையிடம் தமிழில், "இது நடக்க முதல் கார் எங்கையாவது இடிபட்டதா?" என்று கேட்டேன். பிள்ளை யோசித்துவிட்டு, "அப்பா, முதல்நாள் கடையில பார்க் பண்ணியிருக்கேக்க பின்னால ஒரு வான் தட்டினது" என்றாள். ஐயா அதைப் பொருட்படுத்தவில்லை, ஏனென்றால் காரில் ஒரு கீறல்கூட இல்லை.

டிக்கியைத் திறந்து உள்ளே இருந்த ஒரு பொத்தானை அமத்தினேன். கார் ஸ்ராட் வந்தது.

அது மந்திரம் இல்லை. கிறவுண் விக்ரோறியா, கிறாண்ட் மார்க்கீ போன்ற பழைய போர்ட் வகைக் கார்களின் டிக்கிக்குள், இடதுபக்கமாக, ஒரு பாதுகாப்புச் சுவிச் உண்டு. விபத்து நடந்தால் தீப்பிடிக்காமல் இருக்க அது பெற்றோல் பம்ப்பை நிறுத்திவிடும். சில வேளை சாதாரணத் தட்டுக்கும் விழுந்துவிடும். மேலே உள்ள பொத்தான் வெளியே எழும்பி நின்றால் சுவிச் விழுந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: அதை அமத்த முதல் காருக்குக் கீழே பார்த்து, பெற்றோல் மணமோ ஒழுக்கோ இல்லை என்று நிச்சயப்படுத்த வேண்டும். மணம் இருந்தால் தொடவே கூடாது.

இனி, கார் ஸ்ராட் வராத பிரச்சினையை முறையாகப் பார்ப்போம். "ஸ்ராட் வருகுதில்லை" என்று ஒரே வசனமாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று வேறு குறைகள் இருக்கின்றன.

முதலாவது, திறப்பைத் திருப்பினால் லைற்றுகள் மங்கி "டிக் டிக்" என்று சத்தம் வருவது. இது பெரும்பாலும் பற்றரி, அல்லது பற்றரி முனையில் பிடித்திருக்கும் வெள்ளைப் பூஞ்சணம் போன்ற அரிப்பு. மலிவான வோல்ற் மீற்றர் ஒன்றால் அளந்து பாருங்கள். கார் ஓடாமல் சில மணித்தியாலம் நின்றபின் 12.6 வோல்ற் இருந்தால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12 வோல்ற் அளவில் இருந்தால் ஏறக்குறைய வெறுமை. எஞ்சின் ஓடும்போது 13.5க்கும் 14.7க்கும் இடையில் காட்டினால் அல்ரனேற்றர் தன் வேலையைச் செய்கிறது. கடுங்குளிரில் பற்றரியின் பலம் பாதியளவுக்குக் குறைந்துவிடும். ஜனவரியில் சாகும் பற்றரி உண்மையில் ஒக்ரோபரிலேயே நோயாளிதான். பொனற்றுக்குக் கீழே பற்றரியைக் காணவில்லை என்று பயப்படாதீர்கள். 2000 முதல் 2005 வரையிலான பியூயிக் லெசேபரில் அது பின் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. கிறைஸ்லர் 300, சார்ஜர் கார்களில் டிக்கிக்குள் இருக்கிறது. இரண்டிலும் கேபிள் கொழுவுவதற்கு முன்னுக்கே தனி முனை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, லைற் பளிச்சென்று எரிகிறது, ஆனால் திறப்பைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. பிரேக்கை மிதித்தபடி கியரை நியூற்றலுக்குக் கொண்டுவந்து திருப்பிப் பாருங்கள். அதில் ஸ்ராட் வந்தால் ஸ்ராற்றர் நல்லது, கியர் நிலையை அறியும் சுவிச்சில்தான் தொல்லை. இந்த ஒரு சோதனையை நீங்கள் செய்து சொன்னால், மெக்கானிக்குக்கு ஒரு மணித்தியால வேலை மிச்சம்.

மூன்றாவது, எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. வானொலியை நிறுத்திவிட்டுத் திறப்பை "ஓன்" வரை மட்டும் திருப்பி, காதைக் கொடுங்கள். பின்னுக்கு இரண்டு செக்கன் "ம்ம்" என்று பம்ப் இரையும். இரைந்தால் பம்ப்புக்கு மின்சாரம் போகிறது. இரையாவிட்டால் பியூஸ், நான் சொன்ன டிக்கிச் சுவிச், பிறகுதான் பம்ப். 2000 முதல் 2005 வரையிலான இம்பாலா போன்ற சில கார்களில் திருட்டுத் தடுப்பு முறை குழம்பினால், கார் ஸ்ராட் வந்த உடனேயே நின்றுவிடும். "செக்கியூறிற்றி" லைற் மினுங்கும். திறப்பை "ஓன்" நிலையில் விட்டுப் பத்து நிமிடம் பொறுமையாக இருங்கள். லைற் அணைந்ததும் திறப்பை மூடி, மறுபடி ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். பல தடவை இது இழுவை வாகனத்தின் காசைக் காப்பாற்றியிருக்கிறது. அடிக்கடி வந்தால் காட்டத்தான் வேண்டும்.

கார் ஸ்ராட் வருகிறது, ஆனால் கியர் "பார்க்"கில் இருந்து வெளியே வரமாட்டேன் என்கிறதா? கியர் பெட்டி உடைந்துவிட்டது என்று பதறாதீர்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு, பிரேக் லைற் எரிகிறதா என்று ஒருவரைப் பின்னுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பியூஸ், அல்லது பிரேக் மிதிக்கு மேலே உள்ள சின்னச் சுவிச். பிரேக் மிதித்தது தெரியாமல் கார் கியரை விடாது. பிரேக் லைற் இல்லாமல் தெருவுக்கு இறங்கவும் கூடாது.

அடுத்தது எல்லோரையும் பயப்படுத்தும் அந்த மஞ்சள் லைற், "செக் எஞ்சின்". அது விடாமல் எரிந்தால் அவசரம் இல்லை. சில நாளில் பார்க்கலாம். மினுங்கினால் நிலைமை வேறு. எஞ்சினில் ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது, எரியாத பெற்றோல் புகைக்குழாயில் உள்ள விலை கூடிய வடிகட்டியைச் சுட்டுவிடும். வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்ட வேண்டும்.

1998க்குப் பிறகு வந்த கார் என்றால் ஸ்ரியறிங்குக்குக் கீழே குறியீடு வாசிக்கும் சொக்கற் இருக்கும். அதில் கொழுவும் சின்னக் கருவி இன்று ஒரு குடும்பம் வெளியே சாப்பிடும் காசுக்குள் கிடைக்கிறது. ஆனால் குறியீடு என்பது மாற்ற வேண்டிய பாகத்தின் பெயர் அல்ல. "பி 0455" என்று வந்தால் பெற்றோல் ஆவி எங்கோ கசிகிறது என்று பொருள். முதலில் பெற்றோல் மூடியைக் கழற்றி, றப்பர் வெடித்திருக்கிறதா என்று பார்த்து, இறுக்கி மூடுங்கள். "பி 0303" என்றால் மூன்றாம் சிலிண்டர் எரியவில்லை. ஸ்பார்க் பிளக்குக்கு மேலே தனித்தனிக் கொயில் உள்ள எட்டுச் சிலிண்டர் போர்ட் எஞ்சினில், மூன்றாவதில் உள்ள கொயிலை நாலாவதுக்கு மாற்றிக் கொழுவி ஓடிப் பாருங்கள். குறியீடு "பி 0304" ஆக மாறினால் கொயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் கொயில் வாங்கத் தேவையில்லை, பிளக்கைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலு பாகத்தை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று ஒருவருக்கும் தெரியாது, நாலுக்கும் காசு போயிருக்கும்.

பனிகாலத்தில் வரும் முறைப்பாடுகளுக்கு வருவோம். ஹீற்றர் விசிறி முதல் மூன்று எண்ணிலும் வேலை செய்யாமல், கடைசி எண்ணில் மட்டும் சுழன்றால் விசிறி நல்லது. வேகத்தைக் குறைக்கும் "றெசிஸ்ரர்" என்ற சின்னப் பாகம் எரிந்திருக்கும், மலிவானது. காற்று எந்தப் பொத்தானை அமத்தினாலும் முன் கண்ணாடிக்கும் காலடிக்கும் மட்டுமே வந்தால், பழைய கிறவுண் விக்ரோறியா போன்றவற்றில் காற்றுக் கதவுகளை இழுக்கும் வெற்றிடக் குழாயிலோ, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் உள்ள றப்பர் வளையங்களிலோ கசிவு. கண்ணாடியில் உறைபனி பிடித்து ஓட்டுநருக்குத் தெரியாமல் போகக்கூடாது என்பதற்காக, குறை வந்தால் காற்றைக் கண்ணாடிக்கு அனுப்பும்படியே அந்த முறையைச் செய்திருக்கிறார்கள்.

சிக்னலில் நிற்கும்போது குளிர்காற்றும், ஓடும்போது சூடான காற்றும் வந்தால் கூலன்ற் குறைந்திருக்கக்கூடும். எஞ்சின் ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்களை நான் கண்டிருக்கிறேன். கூலன்ற் எங்கே போகிறது? 1990களின் பிற்பகுதியிலும் 2000ஆம் ஆண்டை ஒட்டியும் வந்த 4.6 லீற்றர் போர்ட் எஞ்சின்களில், முன்பக்கம் அல்ரனேற்றருக்குக் கிட்ட உள்ள பிளாஸ்ரிக் குழாய்ப்பகுதி வெடிப்பது பலரும் அறிந்த குறை. பின்னர் அந்த இடத்தில் அலுமினியம் வைத்த பாகம் வந்தது. லெசேபரில் உள்ள 3.8 லீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சினில், பெல்ற்றுக்குப் பின்னால் உள்ள இரண்டு சிறிய பிளாஸ்ரிக் முழங்கைக் குழாய்கள் காலப்போக்கில் உக்கிவிடும். பாகம் சில டொலர்தான். கவனியாமல் ஓடினால் எஞ்சினே போகும். இனிப்பான மணம் வந்தால் ரோச் அடித்து அந்த இடங்களைப் பாருங்கள்.

கார் நடுங்குகிறது என்பதிலும் வகை உண்டு. நூறு கிலோமீற்றர் வேகத்தில் மட்டும் நடுங்கினால் ரயர் சமநிலை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் தட்டு. நேற்றுவரை நன்றாக ஓடி, பனிக்குள் விட்டுவிட்டு இன்று காலை திடீரென்று நடுங்கினால், றிம்முக்குள் பனிக்கட்டி இறுகியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சுடுதண்ணி வேண்டாம், மரத்தடியால் தட்டி எடுத்தால் போதும்.

இவ்வளவும் சொன்ன நான், தொடக்கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். பிரேக், ஸ்ரியறிங், காற்றுப்பை, பெற்றோல் குழாய் இவை நான்கும் வீட்டு வாசலில் பழகும் இடம் அல்ல. ஜக்கில் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே ஒருபோதும் தலையை வைக்காதீர்கள். பின்னுக்குக் காற்றுப்பைத் தாங்கி உள்ள கிறாண்ட் மார்க்கீ, ரவுண் கார் என்றால், காரைத் தூக்க முதல் டிக்கிக்குள் உள்ள அதன் சுவிச்சை அணைக்க வேண்டும். இது கராஜில் வேலை செய்பவருக்கும் நினைவூட்ட வேண்டிய விடயம்.

கராஜுக்குப் போவதென்றால் உங்களுக்குச் சட்டம் பக்கத்தில் நிற்கிறது. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலை தொடங்க முதல் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். அது வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், ஆகக்கூடிய தொகை எவ்வளவு என்பதை நீங்களே சம்மதித்துச் சொல்ல வேண்டும். தந்த மதிப்பீட்டுக்கு மேல் 10 வீதத்துக்கு அதிகமாக அறவிட முடியாது. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்கலாம். வேலை தொடங்க முதலே கேட்டுவிடுங்கள். புதுப் பாகத்துக்கும் அதைப் பூட்டிய கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. எங்கள் ஆட்களில் பலர் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். காகிதத்துக்கும் அலுவலகத்துக்கும் பயந்து வளர்ந்த தலைமுறை அது, எனக்கு விளங்குகிறது. ஆனால் மதிப்பீடு கேட்பது சண்டை பிடிப்பது அல்ல. நல்ல மெக்கானிக் அதைத் தானே எழுதித் தருவார்.

எப்போது காரைக் கைவிடுவது என்றும் பலர் கேட்கிறார்கள். எஞ்சினைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அடியைப் பாருங்கள். எங்கள் தெருக்களில் கொட்டும் உப்புத்தான் இந்தக் கார்களின் எமன். ஒவ்வொரு பெரிய திருத்தத்துக்கும் காசு கொடுக்க முதல், காரைத் தூக்கிச் சட்டத்தையும் பிரேக் குழாய்களையும் காட்டச் சொல்லுங்கள். மேலே பளபளத்து, கீழே சட்டம் உக்கியிருந்தால் புதுக் கொயில் போட்டுப் பலனில்லை. அந்தக் காரில் பேரப்பிள்ளையை ஏற்றவும் கூடாது. சட்டம் திடமாக இருந்தால் ஒரு மஞ்சள் லைற்றுக்காக அதை இரும்புக் கடைக்குத் தள்ளாதீர்கள்.

இரவு வேலை முடிந்து அதிகாலையில் பஸ் இல்லாத நேரம், அம்மாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய நேரம், கார் என்பது பகட்டு இல்லை. அது ஒரு குடும்பத்தின் சம்பளமும் நிம்மதியும். ஆகவே இந்த வார இறுதியில் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். பொனற்றைத் திறந்து கூலன்ற் மட்டத்தையும் ஒயில் மட்டத்தையும் பாருங்கள், பற்றரி எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடியுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். அவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் தெரியும், உங்களுக்குக் காரைத் தெரியும். இரண்டையும் சேர்த்து அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தை எழுதுங்கள்.